கோமாளி மீனுக்கு மூன்றாம் தண்ணீர்

போன மாதம் முரளி வீட்டுக்கு வந்திருந்தான். நான் வேலையை விட்டபோது என் வாடிக்கை வீடுகளையெல்லாம் வாங்கிக்கொண்டவன் அவன்தான். வந்ததும் வராததுமாகக் கைபேசியை நீட்டினான். யாரோ ஒரு பெரிய மனிதர் வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி. தண்ணீரின் சூடு, உப்பு, விளக்கு எல்லாம் போனிலேயே தெரிகிறதாம். பூந்தமல்லியில் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே அங்கே ஓடுகிற மோட்டாரை நிறுத்தலாமாம். நிறுத்தியும் காட்டினான். யார் பெற்ற பிள்ளைகளோ அந்த மீன்கள், எனக்கு வேடிக்கை காட்டுவதற்காகக் கொஞ்ச நேரம் திணறியிருக்கும்.

"இதெல்லாம் இல்லாம நீங்க எப்படிண்ணா கோமாளி மீன் வளத்தீங்க?" என்று கேட்டான்.

"நெறைய சாகடிச்சுதான்" என்றேன்.

வண்ணமீன் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு ஆண்டு மலர் போடுகிறார்களாம்; அதில் நான் எழுத வேண்டுமாம். "அந்தக் காலம்தான் பொற்காலம்னு மட்டும் எழுதிடாதீங்கண்ணா, புண்ணியமாப் போவும்" என்று கையெடுத்துக் கும்பிட்டான். எனக்கும் அந்த எண்ணம் இல்லை. கையில் கருவி இல்லாமல் கஷ்டப்பட்டதைப் பெருமை என்று சொல்லிக்கொள்ள நான் என்ன பைத்தியமா? இப்போது இருப்பவை அப்போது இருந்திருந்தால் என் முதுகு இன்னும் நிமிர்ந்திருக்கும். ஆனால் ஒரே ஒரு விஷயம், எந்தப் போனிலும் பார்க்க முடியாதது, ஆவடியில் நடந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

நான் மீன்காரனே இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தவன். எண்பதுகளின் கடைசியில் கம்பெனியைப் பூட்டினார்கள். ஊரெல்லாம் அலைந்துவிட்டுக் கரையான்சாவடி மெயின் ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எதிரே ஒரு மீன் கடையில் 'ஆள் தேவை' என்று அட்டை தொங்கியது. உள்ளே போனேன். கல்லாவில் இருந்தவர் ஸ்டெல்லா மேடம். என்னைவிட நான்கைந்து வயது சின்னவர். காசிமேட்டில் படகு வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், விலங்கியல் படித்தவர். படிப்பு என்ன, முன்அனுபவம் என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை. "கைய நீட்டுங்க" என்றார். நீட்டினேன். குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"சோப்பு. நாளைக்கி வாங்க."

மறுநாள் சோப்பு போடாமல் போனேன். மறுபடியும் முகர்ந்தார். "தேங்காயெண்ணெ. நாளைக்கி வாங்க." மூன்றாம் நாள் தலைக்கு எண்ணெயும் வைக்காமல், வெறும் தண்ணீரில் கையை அலம்பிக்கொண்டு, பரட்டைத் தலையோடு போய் நின்றேன். "இப்ப உள்ள வாங்க" என்றார். என் மனைவி வெகுநாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்: "பொண்ணு பாக்க வந்தப்போ கூட இந்தாளு இவ்ளோ அலங்காரம் பண்ணல. இப்போ அலங்காரத்தைக் கலைச்சாத்தான் வேலை குடுக்கறாங்க."

முதல் இரண்டு மூன்று வருடம் என்ன கற்றேன் என்று கேட்டால், கண்ணாடி ஒட்டவும் வாளி தூக்கவும் கற்றேன். அவ்வளவுதான். மற்றதெல்லாம் பிறகு வந்தது.

கடல்மீன் வேலையில் பாதி தண்ணீர் வேலை. இப்போது போல உப்புப் பொட்டலத்தைப் பிரித்துக் கலக்குகிற வசதி எங்களுக்கு இல்லை. கடலுக்கே போக வேண்டும். கரையோரத்தில் மொண்டால் மணலும் அழுக்கும் வரும் என்று மேடம் ஒத்துக்கொள்ள மாட்டார். கட்டுமரத்தில் ஏறி, அலையைத் தாண்டிப் போய், கேன் கேனாக நிரப்பிக்கொண்டு வர வேண்டும். மழை பெய்தால் கொஞ்ச காலம் அந்தப் பக்கமே போகக் கூடாது. ஆற்றுத் தண்ணீர் கடலில் கலந்திருக்கும். கொண்டுவந்த கேன்களைக் கடையின் பின்னறையில் இருட்டில் வைத்துத் துணி போட்டு மூடி, தெளிந்த பிறகுதான் எடுப்போம்.

ஒருமுறை கேன்களை ஏற்றிக்கொண்டு வரும்போது பூந்தமல்லி ரோட்டில் ஒரு போலீஸ்காரர் டெம்போவை நிறுத்திவிட்டார்.

"கேன்ல இன்னாய்யா?"

"கடல் தண்ணி சார்."

"யார் காதுல பூ சுத்தற? மூடியத் தொற."

திறந்தேன். முகர்ந்தார். சாராய வாசனை வரவில்லை என்பது அவருக்கு ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். மூடியில் கொஞ்சம் ஊற்றி வாயில் வைத்தார். முகம் அஷ்டகோணலாகிவிட்டது. காறித் துப்பிவிட்டு, "இதைக் காசு குடுத்து வாங்கற மவராசன் எவன்யா?" என்று கேட்டார். நான் மூடியைத் திருகிவிட்டு டெம்போவைக் கிளப்பச் சொன்னேன்.

மேடத்தின் வியாபாரமும் அப்படித்தான். மீன் கேட்டு வருகிறவருக்கு மீன் கொடுக்க மாட்டார். முதலில் தொட்டி போகும், பவளத்தூள் மணல் போகும், தண்ணீர் போகும். மீன் மட்டும் போகாது. "தண்ணி பழுக்கணும் சார்" என்பார். ஒரு மாதம் வெறும் தொட்டிக்கு விளக்குப் போட்டு, காற்று விட்டு, நான் வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அம்பத்தூரில் ஒரு வீட்டம்மா, "மீனே இல்லாத தொட்டியப் பாக்க வர்ற ஆளுக்கு நான் எதுக்குய்யா காப்பி போடணும்?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. இருந்தாலும் காப்பி போட்டுத்தான் கொடுத்தார்.

மீன் தெற்கே மண்டபம் என்கிற கடலோர ஊரிலிருந்து பஸ்ஸில் பாலிதீன் பையில் வரும். இப்போதைய பிள்ளைகள் கோமாளி மீன் என்றால் ஆரஞ்சு நிறம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்களுக்கு வந்தது கருத்த மீன். உடம்பில் இரண்டு வெள்ளைப் பட்டை, வாயும் வாலும் மஞ்சள். அது குடியிருக்கக் கடல்சாமந்தி வேண்டும். பூ மாதிரி விரிந்திருக்கும், ஆனால் அது பூவல்ல, கொட்டுகிற பிராணி. மற்ற மீன் தொட்டால் செத்துப்போகும். கோமாளி மட்டும் அதன் மேல் படுத்துப் புரளும். ஜோடியில் பெரியது பெண், சின்னது ஆண். பெண் செத்துவிட்டால் ஆண் கொஞ்சநாளில் தானே பெண்ணாக மாறிவிடும். இதை நான் திருவேற்காட்டில் ஒரு வாடிக்கையாளரிடம் ஆர்வமாக விளக்கிச் சொல்ல, அவர் மனைவி இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணாத்தே, இந்தக் கதையெல்லாம் ஊட்ல வாணாம். தங்கமீனே குடு" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வியாபாரம் போச்சு.

சரி, ஆவடிக்கு வருகிறேன்.

சுடலைமுத்து சார் ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குவார்ட்டர்ஸில் வீடு. அவர் மனைவி மல்லிகா பக்கத்துப் பருத்திப்பட்டில் பிறந்து வளர்ந்தவர். இரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரே மகள், உமா. முதல் நாள் குவார்ட்டர்ஸ் வாசலில் காவல்காரர் எதற்கு வந்தாய் என்று கேட்க, நான் யோசிக்காமல் "டேங்க் சுத்தம் பண்ண வந்துகீறேன்" என்று சொல்லித் தொலைத்தேன். பீரங்கி வண்டி செய்கிற ஊரில் அப்படிச் சொன்னால் விடுவார்களா? சார் நேரில் வந்து அழைத்துப் போகிறவரை என்னை ஓரமாக உட்காரவைத்துவிட்டார்கள்.

சாரைப் போல ஒரு வாடிக்கையாளர் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தொட்டி வைக்க நாங்கள் கொண்டுபோன மேசையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். ஓரத்தில் மயிரிழை சாய்வு. "இதத் தூக்கிட்டுப் போயி சரி பண்ணிட்டு வாரும்" என்று திருப்பி அனுப்பினார். தொழிற்சாலையிலும் அப்படித்தானாம். அவர் கையால் திருப்பி அனுப்பப்பட்ட சாமான் ஒரு மலை இருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். சாக்குப்போக்கு சொன்னால் பிடிக்காது. "தப்புன்னா தப்புன்னு சொல்லும், என்னத்துக்கு மழுப்புதீரு?" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும்.

மேடம் சொன்ன விதிகளை அவர் எங்களைவிட நன்றாகக் கடைப்பிடித்தார். சுண்டிய தண்ணீருக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்பு சுண்டாது. புதுமீன் எது வந்தாலும் சில வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் விட வேண்டும். மின்சாரம் போனால் மக்கில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கோடையில் மதியம் முழுக்கக் கரண்ட் இல்லாதபோது, அப்பா, அம்மா, மகள் மூவரும் முறை வைத்து ஊற்றி, மீனைக் காப்பாற்றினார்கள். உமா அந்தக் கோமாளி ஜோடியில் பெரிய மீனுக்கு 'அம்மணி' என்றும் சின்னதற்கு 'ஐயா' என்றும் பெயர் வைத்திருந்தாள். அம்மணி துரத்த ஐயா ஓடுவதைப் பார்த்துக்கொண்டே சோறு சாப்பிடுவாள்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் கடைக்குப் போன் வந்தது. மல்லிகா அம்மா.

"அண்ணே, உமாவுக்கு அம்மா வந்துகீறாங்க. இப்போ மீனுக்கும் வந்துகீறாங்கண்ணே. ஒடம்பு பூரா முத்து முத்தாக் கீது."

எனக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைக்குச் சின்னம்மை. மீனுக்கு வெண்புள்ளி நோய். மேல் முழுக்க உப்பு தூவினாற்போல வெள்ளைப் புள்ளி. பார்க்க அம்மை மாதிரியேதான் இருக்கும். விட்டால் ஒரு வாரத்தில் தொட்டி காலி.

மேடத்திடம் சொன்னேன். "உங்களுக்கு அம்மை வந்திருக்கா?" என்று கேட்டார். சின்ன வயதிலேயே வந்தாயிற்று என்றேன். "அப்போ போங்க. போறதுக்கு முன்ன குளிச்சிட்டுப் போங்க, கவிச்சி எதுவும் சாப்டாதீங்க. அது அம்மன் கீற வூடு." மத்தியானத்துக்குப் பொட்டலம் கட்டி வைத்திருந்த பிரியாணியை அவரே எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டார்.

வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. வெளியிலேயே காலைக் கழுவவைத்துத்தான் உள்ளே விட்டார்கள். கூடத்தில் வேப்பிலை விரித்த பாயில் உமா படுத்திருந்தாள். முகம் தெரியாமல் முத்து. தாளிக்கிற வாசனை இல்லை. வீடு முழுக்க வேப்பிலையும் மஞ்சளும்தான் மணந்தது. தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் கஞ்சித்தண்ணி மாதிரி வெளுத்திருந்தது. மேலே வேப்பிலை மிதந்தது.

"இன்னாம்மா இது?"

"ஒரு கரண்டி கூழுண்ணே. அம்மா வந்த ஒடம்புக்கு வேற இன்னா குடுக்கறது? இறால் போடக் கூடாதுல்ல, ஊட்டுக்குள்ள கவிச்சியே வரக் கூடாது. பாவம், பட்டினியா கெடக்குதேன்னு ஊத்தினேன்."

கோபம் வந்தது. அந்தம்மா முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. தன் பிள்ளைக்கு என்ன கொடுத்தாரோ அதையேதான் மீனுக்கும் கொடுத்திருக்கிறார். இதில் எங்கே திட்டுவது?

கண்ணாடிக்கு அருகில் குனிந்து தேடினேன். சாமந்தி சுருங்கிக் கிடந்தது. அம்மணியும் ஐயாவும் மூச்சு வாங்கிக்கொண்டு மூலையில் நின்றார்கள். கல்லுக்குப் பின்னால் இன்னொன்று அசைந்தது. விரல்நகம் அளவு, பளீரென்று நீல மீன். மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. நான் கொடுத்தது இரண்டு மீன். இது மூன்றாவது.

நிமிர்ந்தேன். சுடலைமுத்து சார் சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"அப்பா வாங்கிட்டு வந்தாரு, எனக்குக் காய்ச்சல் வந்தன்னிக்கி" என்று பாயிலிருந்து உமா சொன்னாள். குரல் கம்மியிருந்தது. "மாமா, அம்மணிக்கு என்கிட்டேந்துதானே வந்துச்சு? நான் கண்ணாடில மூஞ்சி வெச்சு வெச்சுப் பாத்தேன். அதான் வந்துடுச்சு. செத்துடுமா மாமா?"

"ஆத்தா விளையாடுதா. நாம என்ன செய்ய?" என்றார் சார், சுவரைப் பார்த்தபடியே.

ரசமட்டம் வைத்து மயிரிழை பார்க்கிறவர் பேசுகிற பேச்சா இது! எனக்கு விளங்கிவிட்டது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு ஆசையாக எங்கோ நடைபாதைக் கடையில் வாங்கி, தனியாக வைக்காமல், நேராக உள்ளே விட்டிருக்கிறார். நோய் வந்த வழி அதுதான். அவருக்கும் தெரியும். பிள்ளை பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு கிடக்கிறாள்; இவர் அம்மன் தலையில் போடுகிறார். மீனுக்கு மனுஷர் நோய் ஒட்டாது என்று நான் சொன்னேன். "அப்போ எங்கேந்து வந்துச்சு?" என்று அவள் கேட்டாள். நான் சாரைப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. வாடிக்கையாளர் வீட்டில், நோயாளிப் பிள்ளை முன்னால், தகப்பனைக் காட்டிக்கொடுக்க என் நாக்கு எழவில்லை.

கடைக்குத் திரும்பி மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்பட்டால் சத்தம் வராது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நன்றாகத் துடைத்தார்.

"மயில்துத்தம் போட்டா புள்ளி போயிடும். ஆனா சாமந்தி செத்துடும். தனியா எடுத்துவெச்சுப் போடலாம்னா, அம்மன் கீற ஊட்ல மருந்தே கூடாதுன்னுவாங்க, இல்ல?"

"ஆமா மேடம். பிள்ளைக்கே குடுக்கலையாம்."

"மருந்தே இல்லாம ஒரு வழி கீது. வேலைதான் ஜாஸ்தி." மேசை மேல் விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு பூச்சி. மீன் உடம்பில் தின்று கொழுத்து, கீழே விழுந்து, அடியில் ஒட்டிக்கொண்டு, குஞ்சு பொரித்து, மறுபடி மேலே வந்து மீனைப் பிடிக்கும். குஞ்சு வெளிவருவதற்குள் மீனை வேறு தண்ணீருக்கு மாற்றிவிட வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை புதுத் தொட்டி, புதுத் தண்ணீர். பழையதிலிருந்து ஒரு சொட்டுகூட வரக் கூடாது. கல், குழாய், வலை எதுவும் வரக் கூடாது. நான்கு முறை மாற்றினால் உடம்பில் ஒன்றும் மிஞ்சாது. பெரிய தொட்டியை மீன் இல்லாமல் ஒன்றரை மாதம் போட்டுவைத்தால் அங்கே இருப்பதும் பட்டினியில் போய்விடும். சாமந்திக்கு ஒன்றும் ஆகாது.

"நீல மீன் விஷயம்?" என்று கேட்டேன்.

"அதை அவர்தான் சொல்லணும். நீங்க சொன்னா அது கோள். மீனைப் பாருங்க."

மறுநாள் இரண்டு பிளாஸ்டிக் தொட்டியும் கடல்நீர்க் கேன்களுமாகப் போய் இறங்கினேன். மல்லிகா அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். மருந்து இல்லை என்றதும் அவர் முகம் தெளிந்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை புதுத் தண்ணீர் என்றதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"இதான்ணே நாங்களும் பண்றது! மொத தண்ணி, ரெண்டாம் தண்ணி, மூணாம் தண்ணி. தலைக்கு ஊத்தினா அம்மா எறங்கிடுவாங்க. இதைச் சொல்றதுக்கா இவ்ளோ தயங்கின?"

அம்மை இறங்கும்போது வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள், தெரியுமல்லவா? அதைத்தான் சொன்னார். மீனுக்கும் வேப்பிலை போட வேண்டும் என்றார். நான் மன்றாடினேன். கடைசியில் தொட்டிக்கு வெளியே மஞ்சள் பூசி, விளிம்பில் வேப்பிலைக் கொத்து கட்டுவது என்று உடன்பாடு ஆனது. தீனிக்கு இறால் இல்லை. வேகவைத்து மசித்த அரைக்கீரை, விரல் நுனியளவு.

கூழ் கலந்த பெரிய தொட்டியில் பாதித் தண்ணீரை இறைத்து மாற்றினேன். மூன்று மீன்களையும் கண்ணாடிக் கிண்ணத்தில் ஏந்தி எடுத்து, கிண்ணத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, புதுத் தொட்டியில் விட்டேன். ஒளிந்துகொள்ள ஒரு மண்சட்டி. காற்றுக்கு ஒரு குழாய். வெயில் கொதிக்கிறது என்று மேலே ஈரத்துணி, பக்கத்தில் மேசை விசிறி. மூன்று நாள் கழித்து அடுத்த தொட்டி. அதற்குப் புதுச் சட்டி, புதுக் குழாய். பழையதைத் தேய்த்துக் கழுவிக் கொல்லையில் கவிழ்த்துச் சுள்ளென்று காயவைக்க வேண்டும்.

அம்மை வீட்டில் இந்த வேலை நடந்ததுபோல வேறெங்கும் நடக்காது என்று சத்தியம் செய்வேன். வெளியாள் வரக் கூடாது, கை கழுவாமல் எதையும் தொடக் கூடாது, ஒருவர் பாத்திரம் இன்னொருவருக்குக் கூடாது, எல்லாவற்றையும் வெயிலில் காயப்போட வேண்டும். வேறு வீடுகளில் நான் தொண்டை வறளக் கத்தினாலும் நடக்காத காரியம். மல்லிகா அம்மா அதை அம்மனுக்குப் பயந்து ஒரு குறையில்லாமல் செய்தார். சார் தண்ணீர்க் கேன்களைச் சுமந்தார். வாய் மட்டும் பேசவில்லை.

மீன்கள் பிழைத்தன. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவீர்கள். இரண்டாம் தண்ணீரின்போது ஐயா பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, நான் ஆசையை விட்டிருந்தேன். ஆனால் மூன்றாம் தண்ணீருக்குப் போனபோது மூன்றின் உடம்பிலும் ஒரு புள்ளி இல்லை. கீரை போட்டதும் அம்மணி ஐயாவைத் தள்ளிவிட்டு முந்திக்கொண்டு வந்தது. இன்னும் ஒரே மாற்றம் பாக்கி. அதுவும் பின்னால் ஒழுங்காக நடந்தது.

அன்றைக்கே உமாவுக்கும் மூன்றாம் தண்ணீர். கொல்லையில் வெயிலில் பித்தளை அண்டாவில் வேப்பிலைத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. தலைக்கு ஊற்றி, புதுப் பாவாடை கட்டி, உமா கொல்லை வாசலுக்கு வந்தாள். முத்தெல்லாம் உதிர்ந்து முகம் தெளிந்திருந்தது. நான் மீன்களை மாற்றிவிட்டு, "வா பாப்பா, வந்து பாரு, உன் அம்மணி சாப்பாட்டு ராமி ஆயிட்டா" என்று கூப்பிட்டேன்.

அவள் வரவில்லை. கொல்லை வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"வா ஏட்டி, ஒனக்குத்தான் சரியாயிட்டுல்லா" என்றார் சார். வேலைக்குப் புறப்பட்டு நின்றார், தேய்த்த காக்கிச் சட்டையும் கையில் சாப்பாட்டுப் பையுமாக.

"நான் கிட்ட வரமாட்டேன். வந்தா மறுபடி அதுக்கு வரும். நான் இனிமே பாக்க மாட்டேன்பா. மாமாவையே எடுத்துட்டுப் போகச் சொல்லு."

அழவில்லை. ஒரு முடிவுக்கு வந்துவிட்ட பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தத் தொட்டி முன்னால் அல்லாமல் ஒரு வாய் சோறு தின்னாத பிள்ளை அது.

சார் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார். மகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஏ தாயி, இங்க பாரு. ஒன்கிட்டருந்து வரல. அந்த நீல மீன் இருக்குல்லா, அது கொண்டாந்த நோய். புது மீன தனியா வச்சுப் பாக்கணும்னு இவுக எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தாக. எனக்குத் தெரியும். நீ காய்ச்சல்ல கெடந்த. ஒடனே பாத்துச் சிரிக்கணும்னு நேரா உள்ள உட்டுட்டேன். தப்பு என் மேலதான். இத்தன நாளும் சொல்லாம இருந்தது அதவிடப் பெரிய தப்பு."

மல்லிகா அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். நான் மண்சட்டியை எதற்கென்று தெரியாமல் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன். எவ்வளவு சாமான்களைத் திருப்பி அனுப்பிய மனிதர்! இப்போது தன்னையே எடுத்து மகள் முன்னால் வைத்துவிட்டு, அவள் சொல்லப்போவதற்குக் காத்திருந்தார்.

உமா என் பக்கம் திரும்பினாள். "நெஜமாவே என்கிட்டேந்து வரலையா?" என்று என்னைக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். "அப்போ உன்கிட்டேந்துதான் வந்துச்சாப்பா?"

"ஆமா தாயி. என்கிட்டருந்துதான்."

அவள் திரும்பிக் கொல்லைக்குப் போனாள். அண்டாவில் மிச்சமிருந்த வேப்பிலைத் தண்ணீரைச் செம்பு நிறைய மொண்டாள். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, தளும்பத் தளும்ப வந்தாள். அவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் அவர் தலையில் கவிழ்த்தாள்.

மல்லிகா அம்மா "ஐயோ, டூட்டிக்குப் போற ஆளுடி!" என்று கத்தினார். மஞ்சள் தண்ணீர் நெற்றியில் வழிந்து, காக்கிச் சட்டையில் இறங்கி, காதோரம் ஒரு வேப்பிலை ஒட்டிக்கொண்டது. சார் அசையவில்லை. கண்ணை மூடிக் குனிந்து, தலையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

"இது மொத தண்ணிதான்" என்றாள் உமா. "இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு."

சொல்லிவிட்டுச் செம்பை அவர் கையில் கொடுத்தாள். நேராக மீன் தொட்டியிடம் போய், முகத்தைத் தண்ணீருக்கு மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.